கேட்கும் வட்டம்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே, அரிசி மண்டியின் மாடியில் இருந்த ஒற்றை அறைதான் ஜபீனின் பெண்கள் மையம். பெயர் 'துணை'. சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வருவார்கள். பி.எஃப். பிடித்தும் கணக்கில் ஏறாதவள் வருவாள். பிரசவத்துக்குப் போய்த் திரும்பினால் வேலை இல்லை என்று கேட்டிலேயே நிறுத்தப்பட்டவள் வருவாள். சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்ல வந்து, சொல்லாமலே டீ குடித்துவிட்டுப் போகிறவளும் வருவாள். அப்படிப்பட்டவள் மூன்றாவது முறை வரும்போதுதான் வாயைத் திறப்பாள் என்று ஜபீனுக்குத் தெரியும். அதுவரை டீ போட்டுக் கொடுப்பாள்.

ஜபீன் பழவேற்காட்டில் பிறந்தவள். வாப்பா பக்கீர் முகம்மது கருவாட்டு வியாபாரி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தாள். கணவன் அர்ஷத் பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருந்தான். "ஊர் சண்டையெல்லாம் ஊட்டுக்கு இஸ்துகினு வர்ற" என்று முணுமுணுத்தாலும், மாடி அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

பல வருஷம் அவள் தனியாகத்தான் இதைச் செய்தாள். கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அவளை நிற்க வைப்பான். வெயில் ஏறியதும் திரும்பி வருவாள். அப்படியிருந்தபோதுதான் ஸ்ரீவாணி வந்தாள்.

ஸ்ரீவாணி திருவள்ளூர்க்காரி. வீரராகவர் கோயிலில் கைங்கரியம் செய்யும் குடும்பம். சென்னையில் படித்துவிட்டு, 'சமவெளி' என்ற பெரிய தொண்டு நிறுவனத்தில் மாவட்டப் பொறுப்பாளராக இருந்தாள். மாவட்டத்தில் அங்கங்கே தனித்தனியாகப் பெண்களுக்காக வேலை செய்துகொண்டிருந்த ஏழு சிறிய அமைப்புகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றை ஒரு கூட்டமைப்பாக்குவது அவள் வேலை. மாதம் ஒருமுறை திருவள்ளூரில் ஒரு மண்டபத்தில் பயிற்சி நடக்கும். கம்பெனியில் பாலியல் தொல்லையை விசாரிக்கும் புகார்க் குழு எப்படி உட்கார வேண்டும், கம்பெனி மேனேஜரிடம் எப்படிப் பேச வேண்டும், திட்டம் எப்படி எழுத வேண்டும், அடிபட்டு வருகிறவள் பேசும்போது எப்படிக் கேட்க வேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஜபீனுக்கு அது பெரிய திறப்பாக இருந்தது. தான் இத்தனை நாள் தட்டுத்தடுமாறிச் செய்துவந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது என்பதே அவளுக்கு ஆச்சரியம். அதைவிட, தன்னைப் போலவே இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். மீஞ்சூரில் மீனவர் குப்பத்துப் பெண்களோடு வேலை செய்த மேரி அவளுக்கு நெருங்கிய சிநேகிதி ஆனாள். இரண்டு பேரும் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். ஒருமுறை சிப்காட்டில் ஒரு கம்பெனி, கர்ப்பிணிகளை நிற்க வைத்தே வேலை வாங்குகிறது என்று புகார் வந்தபோது, ஏழு அமைப்புகளும் சேர்ந்து ஒரே நாளில் போய் நின்றன. செக்யூரிட்டி கேட்டைத் திறந்துவிட்டான். உள்ளே ஏ.சி. அறையில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்கள். மறுவாரமே நாற்காலிகள் வந்தன. அன்று வீட்டுக்கு வந்த ஜபீன் அர்ஷத்திடம், "தனியா கத்துனா நாய் கத்துற மாதிரி பாத்தான். ஏழு பேரா போனா சேர் போடறான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த ஏழு பேரில் ஒரே ஆண் துளசிராமன். பள்ளிப்பட்டில் பெண்கள் மேம்பாட்டு அறக்கட்டளை நடத்திவந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கதர் ஜிப்பா, எண்ணெய் வைத்து வாரிய தலை. ஆந்திர எல்லைக்காரர் என்பதால் பேச்சில் தெலுங்கு வாடை அடிக்கும். வீட்டில் தானே சமைப்பதையும், பெண்டாட்டியின் புடவையைத் தானே துவைத்துக் காயப்போடுவதையும் மேடையில் சொல்வார். "ஆம்பள மாறாம பொம்பளைக்கு விடிவு இல்ல நைனா" என்பார். கேட்கிற பெண்களுக்குக் கண் கலங்கிவிடும். நான்கைந்து கம்பெனிகளின் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக அவரைத்தான் போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து யார் வந்தாலும் ஸ்ரீவாணி முதலில் அவரைத்தான் அறிமுகம் செய்வாள்.

மாஹிரா, 'துணை'யில் ஜபீன் பழக்கி வளர்த்தெடுத்த பெண். காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தாள். அப்பா இல்லை. உம்மா ஜெய்னம்பு நான்கு வீட்டுக்குத் தைத்துக் கொடுத்துக் குடும்பம் நடத்தினாள். மாஹிராவுக்குப் பேச்சு நன்றாக வந்தது, பயமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவள் எழுந்து பேசினால் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் மற்றப் பெண்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கூட்டமைப்பில் இளம் பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஜபீன் அவளைத்தான் அனுப்பினாள். மீஞ்சூரில் டயர் கடை வைத்திருக்கும் அஃப்தாப் என்ற பையனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு இடத்தில் பேசிவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

பயிற்றுநர் முகாம் பள்ளிப்பட்டில், துளசிராமனின் மையத்திலேயே நடந்தது. முடிந்து எல்லோரும் கிளம்பியபோது, திருவள்ளூர்ப் பக்கம் போகிற யாரையாவது காரில் ஏற்றிக்கொள்வதாகத் துளசிராமன் சொன்னார். மேரியும் அங்கே இருந்தாள். "நீ கார்லயே போய்டுடி, தூரம் போறவ. பஸ்ஸுக்கு நின்னா லேட்டாயிடும்" என்று மாஹிராவை ஏற்றிவிட்டவள் அவள்தான்.

அங்கே இன்னும் கொஞ்சம் வேலை இருந்த மேரி அடுத்த பஸ்ஸில் வந்தாள். திருத்தணி தாண்டியதும் ஒரு கரும்புச் சாறு வண்டி ஓரமாக மாஹிரா நின்றுகொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். மேரி கத்தி பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினாள். மாஹிரா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். காரில் என்ன நடந்தது, அவர் கை எங்கெல்லாம் வந்தது, ஓடுகிற காரின் கதவைத் திறந்து குதித்துவிடுவேன் என்று கத்திய பிறகுதான் நிறுத்தினார் என்பதெல்லாம் அந்த ரோட்டோரத்திலேயே மேரியிடம் சொன்னாள்.

மறுநாள் மாடி அறையில் அதையே ஜபீனிடம் சொன்னாள். ஜபீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ இன்னா செய்யணும்னு நெனைக்கிற?"

"அந்தாளு இன்னொரு பொண்ண கார்ல ஏத்தக் கூடாதுக்கா," என்றாள் மாஹிரா. "அது போதும் எனக்கு."

ஜபீன் அன்றே ஸ்ரீவாணியைப் பார்க்கத் திருவள்ளூர் போனாள். ஸ்ரீவாணி குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்டாள். எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது. ஜபீனுக்கு மனசு லேசானது.

"நீங்க எங்கிட்ட வந்தது சரியான முடிவு," என்றாள் ஸ்ரீவாணி. "இத நம்ம முறைப்படியே பாத்துக்கலாம். அடுத்த மாசம் வெளிநாட்டு நிதிக்காரங்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி முடிச்சிடணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் பேச வேண்டாம்."

"புகாரா எழுதிக் குடுக்கட்டுமா?"

"எழுதினா அது அந்தப் பொண்ணு கைய விட்டுப் போயிடும் ஜபீன். வட்டம் போடலாம்."

கேட்கும் வட்டம் என்பது கூட்டமைப்பில் எல்லோருக்கும் பிடித்த முறை. எல்லோரும் பாயில் வட்டமாக உட்காருவார்கள். ஒரு கூழாங்கல் கைமாறி வரும். கல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, வட்டத்தில் பேசியதை வெளியே கொண்டுபோகக் கூடாது. ஜபீன் இதைத் தன் ஞாயிற்றுக்கிழமைப் பெண்களிடமும் கொண்டுபோயிருந்தாள். எத்தனையோ ஊமைகளை அது பேச வைத்திருந்தது. அதனால் அவள் தலையாட்டினாள்.

வட்டத்துக்கு முன்னால் ஸ்ரீவாணி மாஹிராவின் வீட்டுக்குப் போனாள். ஜபீனுக்கு இது பிறகுதான் தெரியவந்தது. பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். தையல் மிஷின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, ஜெய்னம்பு கொடுத்த டீயைக் குடித்தாள். மிரட்டவில்லை. ஒரு வார்த்தை கடினமாகப் பேசவில்லை.

"உங்க பொண்ணுக்கு நான் முழுசா துணை நிப்பேன்," என்றாள். "மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்கம்மா. நாளைக்கு வெளிய இருந்து தெரிஞ்சா அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும். விசாரணைன்னு வந்தா எல்லாத்தையும் விளக்கமா கேப்பாங்க இல்லையா."

ஜெய்னம்பு அன்று முழுக்க மிஷினில் உட்காரவில்லை. சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு, "நான் உன்ன கேக்கறது ஒண்ணுதான். நீ பேசாத இரு" என்றாள். மாஹிரா கத்தினாள். ஜெய்னம்பு பதிலுக்குக் கத்தவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் எழுந்திருக்கவில்லை, சாப்பிடவில்லை.

வட்டம் ஒரு காலை நேரத்தில் திருவள்ளூர் மண்டபத்தில் கூடியது. ஜபீன் உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டாள். துளசிராமனும் பாயில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் எதிரே மாஹிராவுக்கு இடம் போட்டிருந்தது.

"இவர எதுக்கு ஒக்கார வெச்சிக்கினு?" என்று ஜபீன் கேட்டாள். "பாதிக்கப்பட்டவள எதிர்ல ஒக்கார வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க."

"அது கம்பெனி கமிட்டிக்கு," என்றாள் ஸ்ரீவாணி மெதுவாக. "இங்க குற்றவாளி, பாதிக்கப்பட்டவர்னு யாரும் கிடையாது. எல்லாரும் பகிர்ந்துக்கறவங்க. அவர் இல்லாதப்போ அவரைப் பத்திப் பேசினா அது நியாயமா?"

கல் சுற்றத் தொடங்கியது. திருப்பாச்சூரிலிருந்து வந்தவள், கூட்டமைப்பு உடைந்துவிடக் கூடாது என்றாள். இன்னொருத்தி, வெளியில் இருப்பவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். கல் மேரியிடம் வந்தது. மேரி அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல," என்று சொல்லி அடுத்தவளிடம் தள்ளினாள்.

மாஹிராவிடம் வந்தபோது அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கார்ல ஒண்ணும் நடக்கல," என்றாள். மனப்பாடம் செய்ததைச் சொல்வதுபோல இருந்தது. "எனக்குத் தல சுத்துச்சி. எறக்கி விடுங்கன்னேன், எறக்கி விட்டாரு. ஜபீனக்காதான், அவரு தப்பா நடந்துக்கினாரான்னு கேட்டாங்க. திரும்பத் திரும்பக் கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

அடுத்தது ஜபீன். கல் அவள் கையில் சூடாக இருந்தது. மாஹிராவின் உள்ளங்கைச் சூடு. அவள் மேரியைப் பார்த்தாள்.

"மேரி, நீ அவள ரோட்ல பாத்த. நீ கேட்ட. நீ சொல்லு."

"ஜபீன்," என்றாள் ஸ்ரீவாணி. "கல் உங்க கையில இருக்கறப்போ உங்களைப் பத்தி மட்டும்தான் பேசலாம். அடுத்தவங்களைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. விதி உங்களுக்குத் தெரியும்."

மேரி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

ஜபீன் கல்லைக் கைமாற்றினாள். அது சுற்றித் துளசிராமனிடம் போனது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எனக்குக் கோவம் இல்ல. ஜபீன் என் தங்கச்சி மாதிரி. மன்னிப்புகூட நான் கேக்கல. ஆனா இந்தப் பொண்ணு மேல ஒரு சந்தேகம் நிக்குது பாருங்க, அது நல்லதில்ல. இன்னொரு சுத்து விடலாம். அம்மாடி, பயப்படாத. நான் எங்க தொட்டேன், எப்படித் தொட்டேன், தொடலைன்னா எப்படித் தொடல, நீயே எல்லார் முன்னாடியும் தெளிவா சொல்லிடு. பொறுமையா கேக்கறோம்."

ஸ்ரீவாணி யோசித்தாள். "அதுவும் நல்லதுதான்," என்றாள்.

கல் மறுபடி நகர ஆரம்பித்தது. மாஹிரா அது ஒவ்வொரு கையாகத் தன்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் ஆடத் தொடங்கியது. ஜபீன் எட்டி, மாஹிராவுக்கு அந்தப் பக்கம் இருந்தவளின் கையிலிருந்து கல்லைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவள கேக்க வாணாம்," என்றாள். "அவ மேல ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பா நெனச்சிட்டேன். நான்தான் கெளப்பி விட்டேன். சார், என்ன மன்னிச்சிடுங்க."

துளசிராமன் கை கூப்பினார். ஸ்ரீவாணி எழுந்துவந்து ஜபீனைக் கட்டிக்கொண்டாள். "இதுக்கு எவ்ளோ தைரியம் வேணும் தெரியுமா," என்று அவள் காதில் சொன்னாள். பிறகு, நடந்ததை நாலு வரியில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். கூட்டமைப்பின் ஒழுங்குக்காக என்றாள். ஜபீன் கொஞ்ச காலம் ஓய்வெடுத்துக்கொள்வது அவளுக்கே நல்லது என்றும் சொன்னாள்.

வட்டத்தில் பேசியது வெளியே போகக் கூடாது. ஆனால் அந்த நாலு வரி போனது. ஜபீன் அடுத்த தடவை சிப்காட்டில் ஒரு கம்பெனி வாசலுக்குப் போனபோது, மேனேஜர் போனிலேயே, "பொய்ப் புகார் கொடுக்கறவங்கள உள்ள விட முடியாதும்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிற பெண்கள் குறைந்தார்கள். வந்த ஒருத்தி வாசலிலேயே நின்றுகொண்டு, "தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்ககூடப் பாத்தா என்னையும் வேலய வுட்டு தூக்கிடுவானுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிறங்கினாள்.

அர்ஷத் ஒருநாள் கடையிலிருந்து வந்ததும், "பஜார்ல எவன பாத்தாலும், இன்னாபா உன் பொண்டாட்டி பொய் கேஸ் போடறாளாமேன்றான். பேஜாரா கீது. ரூம காலி பண்ணிடு" என்றான்.

"நீயாவது கேக்கலாம்ல, இன்னா நடந்துச்சின்னு?"

"நீயே மன்னிப்பு கேட்டுக்கினு வந்துட்ட. அப்புறம் நான் இன்னாத்த கேக்கறது?" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனான்.

அவள் மேரிக்குப் போன் செய்தாள். மேரி எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே எடுக்கவில்லை.

அறையைக் காலி செய்கிற அன்று மாஹிரா வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த படங்களை ஜபீன் கிழித்துக்கொண்டிருந்தாள். மாஹிரா இளைத்திருந்தாள். கம்பெனிச் சட்டை தோளில் தொங்கியது.

"நிச்சயத்த நிறுத்திட்டாங்க," என்றாள்.

ஜபீன் கிழித்த காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "எப்படித் தெரிஞ்சிச்சி?"

"மீஞ்சூர்ல பயிற்சி நடந்திருக்கு. அந்தாளுதான் பேசிக்கினு இருந்தாராம். பொறுமைன்னா இன்னான்னு சொல்றதுக்கு என் கதையத்தான் சொல்லியிருக்காரு. பேரு சொல்லலியாம். கும்மிடிப்பூண்டியில ஒரு முஸ்லிம் பொண்ணு, வயர் கம்பெனில வேல, என் மேல அபாண்டமா சொன்னா, நான் மன்னிச்சிட்டேன்னு. அஃப்தாபோட அக்கா அங்க ஒக்காந்துனு இருந்திருக்கு."

"அல்லாவே," என்று ஜபீன் தரையில் உட்கார்ந்தாள். மாஹிரா உட்காரவில்லை.

"உங்கள ஒண்ணு கேக்கணும். நீங்க எதுக்கு அன்னிக்கு மன்னிப்பு கேட்டீங்க?"

"உனக்காகத்தான். உன்ன மறுபடி கேக்கறேன்னாங்க. நீ நடுங்கிக்கினு இருந்த."

"நான் நடுங்கினேன். ஆனா கல்லு வந்தா சொல்லிடலாம்னு இருந்தேன்." மாஹிராவின் குரல் உயரவில்லை. "முதல் சுத்துல பொய் சொன்னதும் எனக்கே அசிங்கமா இருந்திச்சி. அந்தாளு எங்க தொட்டேன்னு சொல்லுன்னு சிரிச்சிக்கினே சொன்னாரு பாருங்க, அப்ப உம்மா, கல்யாணம் எல்லாம் மறந்துபோச்சி. சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க புடுங்கிட்டீங்க. நீங்களே அவரு காலுல வுழுந்த மாதிரி பேசிட்டீங்க. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது?"

ஜபீன் கையிலிருந்த காகிதத்தை மடித்தாள். ரயில் ஒன்று கீழே வந்து நின்று, கிளம்பிப் போனது.

"நீ அப்டி நெனச்சன்னு எனக்குத் தெரியாதுடி."

"கேட்ருக்கலாம்ல," என்றாள் மாஹிரா. "மொத நாளு கேட்டீங்களே. அன்னிக்கு ஏன் கேக்கல?"

அவள் கிளம்பவில்லை. வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "வர்ற அமாவாச அன்னிக்கு ஆண்டுக் கூட்டம். இளையோர் குரல்னு பேச என்னக் கூப்ட்ருக்காங்க. எந்தப் பிரச்சினையும் இல்லன்னு காட்டணும் போல. நான் போறேன். அங்க சொல்லப் போறேன். நீங்க வர்றீங்களா?"

"வர்றேன்," என்றாள் ஜபீன்.

அமாவாசை என்பதால் திருவள்ளூர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. கோயில் குளத்தில் முழுக்குப் போட வந்த கூட்டம் தெருவை அடைத்திருந்தது. மண்டபத்தின் வாசலில் மேஜை போட்டுப் பெயர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தவள் மேரி. மாஹிராவுக்கு அட்டையைக் கொடுத்தாள். ஜபீனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் பேரு இல்லியே ஜபீன்."

"தெரியும். நான் இங்கயே நிக்கறேன்."

மாஹிரா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். சாப்பாட்டுப் பந்தலில் இருப்பவர்களுக்குக் கேட்க வெளியேயும் ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஜபீன் அதன் கீழே நின்றாள். வரவேற்புரை, குத்துவிளக்கு, வெளிநாட்டிலிருந்து வந்தவரின் ஆங்கிலப் பேச்சு, அதற்கு ஸ்ரீவாணியின் மொழிபெயர்ப்பு எல்லாம் கேட்டது. வேறு யாரும் வராததால் மேரியும் மேஜையை விட்டு எழுந்து வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"எங்கிட்ட எம்பது பொம்பளைங்க இருக்காங்க," என்றாள் மேரி திடீரென்று. "கூட்டமைப்புல இருந்து எறக்கிட்டா காசு நின்னு அவங்க தையல் கூடம் மூடிடும். நான் இன்னா பண்ணுவேன் சொல்லு."

ஜபீன் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

"நான்தான் அவள கார்ல ஏத்தி வுட்டேன்," என்றாள் மேரி. "அத நெனச்சா சோறு எறங்க மாட்டுது."

"அப்ப இப்ப உள்ள போய் சொல்லு. கதவு தொறந்துதான் கீது."

மேரி கதவைப் பார்த்தாள். பிறகு கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஒலிபெருக்கியில் மாஹிராவின் குரல் வந்தது. பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். பள்ளிப்பட்டு முகாமிலிருந்து திரும்பும்போது துளசிராமன் காரில் தனக்கு என்ன செய்தார் என்று சொன்னாள். அழவில்லை. எந்த இடத்தில் கார் நின்றது, செருப்பு எங்கே விழுந்தது, அதன் பிறகு வட்டத்தில் தான் எதற்காகப் பொய் சொன்னாள் என்பதுவரை சொன்னாள். "அவரு மேடையில ஒக்காந்துனு கீறாரு. எனக்கு அப்புறம் வேற யாரும் அந்தக் கார்ல ஏறக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்" என்று முடித்தாள்.

பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்ரீவாணியின் குரல் வந்தது. தடுமாற்றமே இல்லை. "மாஹிரா, நன்றி. இவ்ளோ பெரிய சபையில ஒரு இளம் பெண் தன் வலியைப் பகிர்ந்துக்கிட்டா. இந்த மாதிரி ஒரு பாதுகாப்பான இடத்தை நாம உருவாக்கியிருக்கோம்னா, அதுதான் நம்ம மூணு வருஷ வேலையோட பலன். எல்லாரும் அவளுக்கு ஒரு கைதட்டல் கொடுக்கலாம்."

கைதட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். வெளிநாட்டுக்காரருக்கு அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவரும் தட்டியிருக்க வேண்டும். பிறகு துளசிராமன் மைக்கை வாங்கினார்.

"இது என் பொண்ணு மாதிரி. அதோட கோவத்துக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். பொம்பள பேசறப்போ ஆம்பள வாயத் தொறக்கக் கூடாது, கேக்கணும். ஆம்பளையா பொறந்ததுக்கு நான் தல குனியறேன்." அவர் குனிந்திருக்க வேண்டும். இந்தத் தடவை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. யாரோ ஒரு பெண் அழுவது மைக்கில் கேட்டது. அடுத்து டீ இடைவேளை என்று அறிவித்தார்கள்.

மாஹிரா கும்பலோடு வெளியே வந்தாள். இரண்டு மூன்று பெண்கள் அவள் தோளைத் தட்டி, சூப்பராகப் பேசினாய் என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்கள். அவள் பெயர் அட்டையைக் கழற்றி மேரியின் மேஜை மேல் வைத்தாள். மேரி அவள் கையைப் பிடிக்க வந்தாள். மாஹிரா கையை இழுத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பெரியபாளையம் பஸ்ஸில் ஒரு சீட் கிடைத்தது. ஜபீன் அவளை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"கை தட்டுனாங்கக்கா," என்றாள் மாஹிரா, புரியாத ஒன்றைக் கேட்பதுபோல. "ஒருத்தராவது, நீ பொய் சொல்றன்னாவது சொல்லியிருக்கலாம்."

ஜபீன் அவள் தலையில் கை வைத்தாள். மாஹிரா தடுக்கவில்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை.

வெங்கல் தாண்டியபோது மாஹிராவின் போன் அதிர்ந்தது. கூட்டமைப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் படம் போட்டிருந்தார்கள். மைக்கின் முன்னால் மாஹிரா. அவளுக்குப் பின்னால் கை கூப்பித் தலை குனிந்து துளசிராமன். மேலே 'மௌனம் உடைந்த தருணம்' என்று எழுதியிருந்தது. கீழே அவள் முழுப் பெயர், ஊர். அதற்குள் நிறையப் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அவள் போனை ஜபீனிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜபீன் பார்த்து முடிப்பதற்குள் அது அடிக்கத் தொடங்கியது. உம்மா என்று திரையில் வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

மாஹிரா போனை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஜெய்னம்பு கத்துவது, பஸ் சத்தத்தையும் மீறி, நின்றுகொண்டிருந்த ஜபீனுக்குக் கேட்டது. மாஹிரா முழுவதையும் கேட்டாள்.

"ஆமா உம்மா," என்றாள். "நான்தான். நான்தான் சொன்னேன்."